பிள்ளை தூங்கும்போதே கிளம்பிப் போனவள்

எல்.கே.ஜி. வகுப்புக்கு ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முன்பு இருபத்தைந்து வருடம் மலையில் ஏலக்காய் எடுத்தேன். போடியிலிருந்து விடியும் முன்பே ஜீப்பு கிளம்பிவிடும். பதினைந்து இருபது பேர் இடித்துப் பிடித்து உட்கார்ந்து மலையேறி, சாயங்காலம் அதேபோல் இறங்குவோம். முழங்கால் தேய்ந்து, இனிமேல் சரிவில் நிற்க முடியாது என்று ஆனதும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். "பிள்ளைகளப் பாக்குறதெல்லாம் ஒரு சோலியா?" என்று எல்லாரிடமும் இளக்காரமாகச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

மூக்குச் சிந்திவிட வேண்டும், ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும், சோறு ஊட்ட வேண்டும். மதியம் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்து இருபத்திரண்டு உருப்படிகளையும் படுக்கப்போட வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கும் டீச்சருக்கும் மூச்சுவிட நேரம். அதைக் கெடுக்கவென்றே ஒருத்தி வந்து சேர்ந்தாள். நாலு வயது. அம்மா தினமும் ஜீப்பில் மலைக்குப் போகிறவள். அப்பா தன்னுடைய லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. பாயைப் பார்த்துவிட்டால் போதும், படுக்க மாட்டாள். என் முந்தானையை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கண் சொக்கச் சொக்கத் தலையை உதறிவிட்டு முழித்திருப்பாள்.

நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "கண்ண மூடுறியா, இல்ல முதுகுல ரெண்டு வைக்கவா?" என்று அதட்டினேன்.

அவள் பயப்படவில்லை. "நான் தூங்குனா நீயும் போயிருவ" என்றாள்.

அவள் அம்மா என்ன செய்திருப்பாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பில் போகும் நாங்கள் எல்லாரும் செய்ததுதான். பிள்ளை முழித்திருக்கும்போது கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டு அழும். ஜீப்பு யாருக்காகவும் நிற்காது. அதனால் தூங்கும்போதே நழுவிவிடுவோம். முந்தின நாள் கட்டிய சேலையைச் சுருட்டிப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், அம்மா வாசனைக்கு இன்னும் கொஞ்ச நேரம் தூங்கும். புதிதாக வருகிறவளுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். "சொல்லிட்டுப் போனா ஏங்கிப்போகும் ஆத்தா. சொல்லாமப் போயிரு."

என் மகளுக்கு மூன்று வயதிலிருந்து அப்படித்தான் செய்தேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, சேலையைப் பக்கத்தில் செருகிவிட்டுப் போவேன். ஆரம்பத்தில் முழித்ததும் தெருமுனைவரைக்கும் ஓடிவந்து அழுவாளாம். பிறகு அழுகை நின்றுவிட்டது. "ஒம் மக தங்கம்டி, தேடுறதே இல்ல" என்றாள் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி. அதை ஜீப்பு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அந்த மகள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன் போட்டால், "நல்லாருக்கேன்மா, நீ சாப்ட்டியா" என்பதற்கு மேல் பேச்சு நகராது. போன வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா மட்டும்?" என்று கேட்டாள்.

அதனால் அன்றைக்கு அந்தச் சின்னவளிடம் சத்தியம் செய்தேன். "நீ தூங்கு கண்ணு. முழிக்கும்போது ஆயம்மா இங்கனயேதான் இருப்பேன்." முதல் வாரம் அவள் நம்பவில்லை. கொஞ்சம் கண்ணசருவாள், திடுக்கென்று முழித்து என்னைப் பார்ப்பாள். இரண்டாவது வாரம் நிஜமாகவே தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு, எச்சில் ஒழுக. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகளுக்குச் செய்த பாவத்தில் கொஞ்சம் கழிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அற்ப புத்தி.

அந்த வாரக் கடைசியில் பெரிய டீச்சர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "ஆயம்மா, ஆபீசுக்கு ஆள் வந்திருக்காங்க. வெரசா நாலு டீ வாங்கிட்டு வந்துருங்க." பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். எழுப்பிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தூக்கம் கெட்டுவிடுமே என்று மனசு சொன்னது. பழைய புத்தி எங்கே போகும்? முந்தானையை மெதுவாக உருவிக்கொண்டு கிளம்பினேன்.

டீக்கடையில் என்னோடு மலைக்கு வந்த ஒருத்தி நின்றிருந்தாள். எந்தத் தோட்டத்தில் காய் எடுப்பு நடக்கிறது, மழை எப்படி, யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை என்று பேச்சு நீண்டுவிட்டது. பெரிய டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். டீக்கு ஆனது கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் என் வாய்.

திரும்பி வந்தபோது மற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எழுந்து, பாயைத் தானே சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் அழுத தடமே இல்லை.

"பாத்தீங்களா ஆயம்மா? எந்திரிச்சுத் தேடுனா. அப்புறம் தானா போயி உக்காந்துக்கிட்டா. பழகிருச்சு" என்றார் டீச்சர், பெரிய நிம்மதியோடு.

ஐயோ, அழுதிருக்கக் கூடாதா! அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானம் செய்திருப்பேன். வலிக்கிற முழங்காலை மடக்கி அவள் முன்னால் உட்கார்ந்தேன். பெற்ற மகளிடம் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. இருப்பேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். எம்மேல கோவமா?"

"இல்ல ஆயம்மா. ஒனக்கு வேலை இருக்கும்ல" என்றாள்.

என் மகள் இப்படிப் பேசப் பழக எத்தனையோ வருடம் ஆனது. இவளுக்கு நான் இரண்டே வாரத்தில் பழக்கிவிட்டேன்.