முனிரத்தினம் சாருக்காக நான் தின்ற பழங்கள்

முனிரத்தினம் சார் காலமான செய்தி எனக்குக் கைப்பேசியில் வந்தது. நம் 'வீட்டுத் தோட்ட நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில், சுருண்ட எலுமிச்சை இலையின் படத்துக்கும் அதற்கு என்ன மருந்து அடிக்கலாம் என்ற கேள்விக்கும் கீழே அவருடைய புகைப்படம் இருந்தது. கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தது. அதற்கும் கீழே, எலுமிச்சைக்குப் பதில் சொல்ல நினைத்த யாரோ ஒருவர், 'பயப்படாதீங்க, வேப்பெண்ணெய் அடிச்சா சரியாயிடும்' என்று போட்டிருந்தார். சார் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். நான் மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

வேங்கிக்காலில் அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் செய்தி எனக்கு நேராக வராததற்குக் காரணம் உண்டு. அவர் மனைவி சகுந்தலா அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன. நான் போனபோது அவர் கண்ணாடிப் பெட்டியின் அருகே உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாற்காலிகளைச் சப்போட்டா மரத்தடியில் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "யாருக்கும் தெரியாம பழம் பறிச்சுத் தின்னுட்டாராம். அதான் இப்படி ஆயிடுச்சாம்." இதை எழுத நான் துணிந்ததற்கு அந்தப் பேச்சு ஒரு காரணம். எனக்குத் தெரிந்தவரை அவர் தின்னவில்லை. அவருக்காகத் தின்றவன் நான்.

நானும் அவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தோம். அவர் வரலாறு, நான் வேதியியல். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'கெமிஸ்ட்ரி' என்றுதான் கூப்பிடுவார். ஓய்வு பெற்றதும் இருவரும் வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினோம். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும் சரளைத் தரை. நான் என் மனையின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்ததும் எந்த மரம் பொருந்தும் என்று படிக்கத் தொடங்கினேன். நான் படித்துக்கொண்டிருக்கையிலேயே அவர் வீட்டில் கொய்யா காய்த்துவிட்டது. ஒருநாள் வாசலில் நின்றபடி கத்தினார்:

"இன்னும் யோசிக்கிறியாய்யா கெமிஸ்ட்ரி? மண்ணு சரியில்லைன்னா வேற மண்ணு கொண்டாந்து கொட்டு. அது என்னா பத்தாங்கிளாஸ் பையனா, மார்க் வந்தப்புறம் குரூப்பு குடுக்கறதுக்கு?"

அவர் அப்படித்தான் செய்திருந்தார். குழியை ஆள் இறங்கும் ஆழத்துக்கு வெட்டி, சரளையை வெளியே கொட்டி, ஏரி வண்டலும் மக்கிய சாணமும் நிரப்பி, ஒவ்வொரு மரத்துக்கும் தரைக்குள் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். கொய்யா, சப்போட்டா, சீத்தா, நாரத்தை, ஒரு பலா, சுவரோரம் ஒரு மா. நம்மில் பலர் வீட்டில் நிற்கும் சீத்தா அவர் விதை போட்டு முளைக்கவைத்ததுதான்.

பிறகு சர்க்கரை அவருடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. வெளியூர் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார். திரும்பி வந்தபோது வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்று ஆகியிருந்தது. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், அன்றைய முறையை முதல் நாளுக்கே மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பழம் கூடாது என்று சொன்னதுதான் அவரை அடித்துப்போட்டது. பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியேற்றாது, இரத்தத்தில் அது ஏறினால் இதயம் நின்றுவிடும். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் இதை அவருக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேசையில் இருந்த தட்டைக் காட்டினார். ஒரு துண்டு ஆப்பிள் இருந்தது.

"இது மட்டும் ஆகுமாம். எந்த மலையிலயோ எவனோ வெச்ச மரம். அது எனக்கு ஆகும், என் கையால வெச்சது ஆகாது. நல்லாருக்குய்யா உன் கெமிஸ்ட்ரி."

தண்ணீரும் அவருக்கு அளவுதான். உதடு வெடித்திருக்கும். சிறிய டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு, குழாயைப் பிடித்து மரங்களுக்கு நிறைய நிறைய ஊற்றுவார். அந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்படி ஒரு நாள்தான் ஒரு கொய்யாவை என் கையில் கொடுத்து, "தின்னு. தின்னுட்டு சொல்லு" என்றார். தின்றேன். "நல்லா இருக்கு சார்" என்றேன்.

"'நல்லா இருக்கு'ங்கறது பதில் இல்லய்யா. அது மரியாதை. கல்யாண வீட்டுல சொல்லு. இங்க எனக்கு என்னா இருக்குதுன்னு சொல்லு."

நான் திணறினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி கடித்தேன். முதலில் இனிப்பு வருகிறது, விதைப் பக்கம் போனால் குறைகிறது, தோலில் லேசான துவர்ப்பு, நேற்றைய மழையால் சாறு கொஞ்சம் நீர்த்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எந்த மரத்தில் எது பழுத்தாலும் என்னைக் கூப்பிடுவார். நான் தின்று சொல்ல வேண்டும். அவரைச் சுற்றி நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குச் சந்தேகம். கேட்டும்விட்டேன். "மத்தவங்க எனக்குப் பாவம் பார்ப்பாங்க. நீ பயந்தவன். இனிப்பை ஜாஸ்தியாச் சொல்லக்கூட உனக்கு தைரியம் வராது" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தச் சுவரோர மா, இமாம்பசந்த் ஒட்டு. அவர் மருத்துவமனைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அதை நட்டிருந்தார். திரும்பி வந்தபோது அது தளதளவென்று நின்றது. வேறு எந்த மரத்தையும்விட அதன்மேல் அவருக்குப் பாசம். தான் சாகக் கிடந்தபோது வளர்ந்த மரம் என்பார். இந்த வருடம் கோடையில் அது முதல்முறை காய்த்தது. அதற்குள் அவர் மிகவும் இளைத்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து வந்தால் மறுநாள் காலைவரை எழ முடியாது. முதல் பழத்தைக் கோயிலுக்குக் கொடுத்தனுப்பினார். இரண்டாவது பழத்துக்கு என்னை வரச் சொன்னார்.

பழத்தைக் கழுவ நான் சமையலறைக்குப் போனபோது சகுந்தலா அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அண்ணா, எப்படி இருந்தாலும் நல்லா இருக்குதுன்னு சொல்லிடுங்க. டாக்டர் என்கிட்ட தனியா சொல்லிட்டாரு. அவருக்கு இன்னொரு சீசன் கிடையாது."

நான் தலையாட்டினேன். தலையாட்டியது அவர் சொன்னதைச் செய்வதாகவா, செய்தியைக் கேட்டுக்கொண்டதாகவா என்று எனக்கே நிச்சயமில்லை.

அவர் எதிரில் உட்கார்ந்து கத்தியால் ஒரு கீற்று அறுத்தேன். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. நன்றாகப் பழுத்திருந்தும் புளிப்பில் பல் கூசியது. நார் பல்லிடுக்கில் சிக்கியது. அவர் கண்ணை மூடித் தயாராக இருந்தார். கதவருகே சகுந்தலா அம்மா நின்றிருந்தார். நான் இன்னொரு கீற்று அறுத்துத் தின்றேன். அதுவும் அப்படித்தான் இருந்தது.

"என்னா கெமிஸ்ட்ரி, மொத்தத்தையும் முழுங்கிட்டுதான் வாய் தொறப்பியா?"

"புளிக்குது சார்" என்றேன். "நார் ஜாஸ்தி. இது இமாம்பசந்த் இல்ல."

அவர் கண்ணைத் திறந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து மரத்திடம் நடந்தார். அடித்தண்டைத் தடவிப் பார்த்தார். தரைக்குச் சற்று மேலே, பட்டுப்போன ஒரு பழைய முண்டு விரலில் தட்டுப்பட்டது. நம் குழுவினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாட்டு மாங்கன்றின் தண்டில்தான் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டிக் கட்டுவார்கள். மேலே ஒட்டியது பட்டுப்போனால், கீழே இருக்கும் நாட்டுத் தண்டு துளிர்த்து, அதுவே மரமாகிவிடும்.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒட்டு கருகிப்போயிருக்குது. கீழ இருந்து வந்ததைத்தான் இத்தனை நாளா வளர்த்திருக்கோம்" என்றார்.

"நான்தான் தண்ணி ஊத்தினேன்" என்றார் சகுந்தலா அம்மா. "அங்க உங்களையும் பார்த்துட்டு, பஸ் புடிச்சு வந்து இதுக்கும் ஊத்தினேன். காஞ்சுபோயி கெடந்தது. அப்புறம் துளிர் விட்டுச்சு. பச்சையா இருந்தா உயிரோட இருக்குதுன்னுதானே நினைப்பாங்க?"

"அதுல தப்பு இல்ல சகுந்தலா. நானும்தானே பார்த்தேன். எனக்கே தெரியலயே" என்றார் அவர்.

அன்று என்னை வாசல்வரை வழியனுப்ப வந்த சகுந்தலா அம்மா, கதவைச் சாத்துவதற்கு முன் சொன்னார்: "ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு என்ன குறைஞ்சுபோயிருக்கும்?" அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

மிச்சக் காய்களைப் பறித்து முடித்ததும், ஒட்டுக் கட்டும் ஆள் ஒருவரைச் சார் வரவழைத்தார். மரத்தின் கிளைகளையெல்லாம் அறுத்து மொட்டையாக்கி, வெட்டிய முனைகளில் உண்மையான இமாம்பசந்த் குச்சிகளைச் செருகிக் கட்டச் சொன்னார். கையில் ஊசிக் கட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மரம் காய்த்து ஓய்ந்த கையோடு, இலை முழுவதும் தரையில் கிடந்தது. சகுந்தலா அம்மா உள்ளேயே இருந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நான் கேட்டுவிட்டேன்.

"சார், இது காய்க்கறதுக்கு வருஷக்கணக்காகுமே."

"அப்ப நான் இருப்பேனான்னு கேக்கற. நேராவே கேளு. இருக்கமாட்டேன்."

"அப்புறம் எதுக்கு சார் இதெல்லாம்?"

"அங்க ஒரு தப்பு நிக்குதுய்யா. தெரியாத வரைக்கும் தண்ணி ஊத்தினேன். தெரிஞ்சப்புறம் எப்படி ஊத்தறது?"

எனக்கு அந்தப் பதில் இன்றுவரை முழுதாக ஒப்பவில்லை. நான் பொய் சொல்லியிருந்தால், அவர் தன் கடைசி வாரங்களில் நிழல் நிறைந்த ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சொன்னதால் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு கட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தினமும் அதன் அருகே போய், குச்சி துளிர்க்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒன்றும் துளிர்க்கவில்லை. ஒரு நாள் மாலை, டயாலிசிஸ் முடிந்து வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். பழம் தின்று அல்ல. தன் தோட்டத்துப் பழத்தில் ஒரு துண்டைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை.

காரியம் முடிந்த சில நாட்களில் சகுந்தலா அம்மா எனக்குப் போன் செய்தார். குரலில் ஒரு வேகம் இருந்தது. "அண்ணா, வந்து பாருங்களேன். அவரு மரம் துளிர்த்துடுச்சு." அவர் பேசியதே எனக்குப் பெரிதாக இருந்தது. குடையை மறந்து, தூறலில் நனைந்தபடி ஓடினேன்.

மரம் துளிர்த்திருந்தது உண்மை. செம்பு நிறத் தளிர்கள் அடித்தண்டைச் சுற்றிக் கொத்துக்கொத்தாக விட்டிருந்தன. சகுந்தலா அம்மா அவற்றைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் புறங்கையால் தொட்டார். "காலையில எழுந்து கதவு தொறந்தா நேரா இதுதான் தெரியுது. அவரே வந்து நிக்கற மாதிரி இருக்குது."

நான் மேலே பார்த்தேன். ஒட்டுக் குச்சிகள் கட்டப்பட்ட முனைகள் உயரத்தில் இருந்தன. தளிர்கள் எல்லாம் அதற்கு வெகு கீழே, பழைய தண்டிலிருந்து வந்திருந்தன. அவை வளர்ந்தால் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு, மேலே ஏதாவது குச்சி உயிரோடிருந்தால் அதையும் சாகடித்துவிடும். வாயைத் திறக்காமல் போய்விடலாமா என்று யோசித்தேன். டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு அன்று சமையலறையில் அவர் என்னிடம் கேட்டது ஒரு பொய்தான். இப்போது கேட்காமலே கொடுக்க முடியும். நான் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையைத் தளிரிலிருந்து எடுத்தார்.

"எதுண்ணா அவரு வெச்சது?"

நாற்காலியைப் போட்டு ஏறிக் காட்டினேன். ஒவ்வொரு குச்சியின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தேன். பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. கடைசியில் ஒன்றே ஒன்றில், தோலுக்கு அடியில் மெல்லிய பச்சை தெரிந்தது. மொட்டு கடுகளவு உப்பியிருந்தது போலவும் பட்டது, என் கண்ணை நம்ப முடியவில்லை.

"இது ஒண்ணுதாம்மா."

"அப்ப இந்தப் பச்சையெல்லாம்?"

"பழைய மரம்மா. புளிப்பு."

அவர் அழுவார் என்று நினைத்தேன். நான் ஒடிக்கக் கை நீட்டியபோது, "நீங்க விடுங்க" என்றார். குனிந்து, ஒவ்வொரு தளிர்க் கொத்தையும் அடியோடு கிள்ளி எடுத்தார். அவசரப்படவில்லை, ஒன்றையும் விடவில்லை. மாம்பாலின் வாசனை தூறலில் பரவியது. முடித்தபோது கையெல்லாம் பிசினாக இருந்தது. எதிரில் ஒரு மொட்டைக் கட்டையும், அதன் உச்சியில் தாள் சுற்றிய ஒரு குச்சியும் நின்றன. அதைவிட வெறுமையான ஒன்றை நான் அந்தத் தோட்டத்தில் பார்த்ததில்லை.

"பொழைக்குமாண்ணா?"

பயந்தவன் என்றுதான் முனிரத்தினம் சார் என்னை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார். பயம் என்னை விட்டுப் போகவில்லை. வாழ்நாள் முழுக்கத் தலைமையாசிரியரிடமும் அதிகாரிகளிடமும் சொந்தக்காரர்களிடமும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வந்தவன் நான். அந்தச் சொல்லை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் அவர் வைத்துவிட்டுப் போனது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் சகுந்தலா அம்மாவுக்குக் கொடுத்தேன்.

"தெரியலம்மா" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன் என்று எழுத ஆசை. நடுங்கியது.