ராசாத்தி ஓடிய சனிக்கிழமை

பொன்மலையில் ஜட்கா ஓட்டிய பிச்சையைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். இத்தனைக்கும் அவனை அதிகமாகத் திட்டியவள் நான்தான்.

ஜட்காவுக்கு முன்னால் அவன் ரேஸ் லாயத்தில் குதிரைக்காரனாக இருந்தான். ராசாத்தி என்ற பெட்டைக்குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். அது ஓடிய பந்தயம் ஒன்றிலாவது முதலில் வந்ததா? இல்லை. சொந்தக்காரத் துரை சலித்துப்போய் ஏலத்தில் தள்ளிவிட்டார். இவனே ஏலத்தில் எடுத்து, வேலையையும் உதறிவிட்டு, அதை வண்டியில் பூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "தோத்த குதிரைக்கேத்த தோத்த மனுசன்" என்று அவன் காதுபடவே சொல்வேன். பல்லைக் காட்டிவிட்டுப் போவான். ரேஸ் நடக்கிற சனிக்கிழமையில் மட்டும் மைதானத்துப் பக்கம் வண்டியை விடமாட்டான். "அதுக்கு இன்னும் மறக்கலைக்கா" என்பான்.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் என் தங்கை லூர்துராணிக்கு வலி எடுத்தது. தலைச்சன் பிரசவம். அவள் புருஷன் ரயில்வே பட்டறையில் ஷிப்டில் இருந்தான். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"புள்ளை திரும்பலே ரோசம்மா. இது என் கையிலே இல்லே. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. தாமதம் பண்ணினா ரெண்டு உசுரும் தங்காது."

தெருமுனையில் நின்றது பிச்சையின் வண்டிதான். வண்டிக்குள் பரப்பிய புல்லின் மேல் தங்கையைச் சாய்த்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பிச்சை சுற்றுவழியில் திருப்பினான். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"யோவ், நேர் ரோட்டிலே போய்யா! இவ உசுரு ஊசலாடுது, நீ ஊரைச் சுத்திக் காட்டுறியா?"

"இன்னிக்கு ரேஸ்க்கா..."

"ரேஸாவது மண்ணாவது! திருப்புய்யா!"

திருப்பினான்.

அந்தச் சாலை மைதானத்து வேலியை ஒட்டியே போகும். வேலியோரம் ஒரே ஜனம். மரத்துக்கு மரம் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே எங்கோ பந்தயம் தொடங்கும் மணி கணகணவென்று அடித்தது. ராசாத்தி நட்ட நடுச் சாலையில் நின்றுவிட்டது. பிச்சை நாக்கைத் தட்டினான், வாரை உதறினான். ஊஹூம். காது இரண்டையும் நிமிர்த்திக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்க நின்றது. லூர்துராணி வலி தாங்காமல் என் கையைக் கடித்தாள்.

"இறங்கி இழுய்யா! பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கே!"

அவன் இறங்கவில்லை. "பின்னாலே வருதுங்கக்கா" என்றான்.

வேலிக்குள்ளே வளைவில் ரேஸ் குதிரைகளின் குளம்புச் சத்தம் கேட்டது. வர வரத் தரை அதிர்ந்தது. ராசாத்தி பாய்ந்தது பாருங்கள், சேசுவே! அவ்வளவுதான், மூன்று பேருக்கும் இன்றைக்குக் கல்லறைதான் என்று நினைத்தேன்.

"இழுத்துப் பிடிய்யா!"

"இழுத்தா முன்னங்காலைத் தூக்கிடும், வண்டி குடைசாஞ்சிடும். முன்னாடி நகருங்கக்கா, தங்கச்சியை அமுக்கிப் பிடிச்சுக்குங்க. ஜெயிக்கிற கம்பத்தைத் தாண்டினா அதுவா ஓட்டத்தைக் குறைச்சிடும். அப்படித்தான் பழக்கினது."

"குறைக்கலேன்னா?"

கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வைக்கோல் வண்டி சாலையை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. அவன் பார்வை அதைவிட்டு அகலவில்லை. வேலியோரத்துக் கூட்டம் எங்களைப் பார்த்து விசிலடித்துச் சிரித்தது. அடப் பாவிகளா, உள்ளே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பிச்சை வாரைத் தளர்த்திவிட்டு, "போ தாயி, போ" என்றான். வேலிக்கு அந்தப் பக்கம் ரேஸ் குதிரைகள் நெருங்கிவிட்டன. ஒன்றின் மூக்கு எங்கள் சக்கரத்துக்கு நேராக வந்தது. கம்பம் வந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன்.

குலுக்கல் குறைந்தது. கண்ணைத் திறந்தேன். ராசாத்தி மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தது. அதன் மூக்குக்கு எதிரே கைநீட்டும் தூரத்தில் வைக்கோல் வண்டி நின்றது. பிச்சை குதித்து இறங்கி ராசாத்தியின் வாயைப் பிடித்து, காதில் ஏதோ பேசி, ஓரமாகக் கடத்திக் கொண்டுபோனான். பிறகு ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை.

பொழுது சாயும்போதுதான் நர்ஸம்மா வெளியே வந்தாள். பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம் என்றாள். வாசலுக்கு ஓடினேன். பிச்சை போகவில்லை. தலைத்துண்டால் குதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். சேதியைச் சொன்னதும் மேலே பார்த்துக் கும்பிட்டான். அப்புறம் ஒரு மாதிரி தயங்கினான்.

"யக்கா, என் கண்ணு அந்த வைக்கோல் வண்டி மேலேயே இருந்துடுச்சு. நீங்க பார்த்தீங்களா? கம்பத்துக்கிட்டே யாரு முன்னாலே?"

அவன் கண் தளும்பிக்கொண்டிருந்தது.

"மாதா சத்தியமா பார்த்தேன்யா. முதல்லே வந்தது உன் ராசாத்திதான்" என்றேன்.

குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அந்தப் பொய்ச் சத்தியத்துக்கு நான் இதுவரை கோவில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. செய்யப்போவதும் இல்லை.