கறுப்புக் கோப்பி வேண்டாம் பிள்ளை

எங்கள் வீடு கொழும்பில், வெள்ளவத்தையில். முன்பெல்லாம் பெண் பார்க்கக் கோயிலுக்கு வருவார்களாம். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததாக இரண்டு பகுதியும் சொல்லிக்கொள்ளலாம். என் காலத்தில் அந்த வேலையைக் கோப்பிக் கடைகள் எடுத்துக்கொண்டன. லீவில் வரும் வெளிநாட்டு மாப்பிள்ளை எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊருக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மாப்பிள்ளையும் நானும் ஒரு மேசையில் இருப்போம். இரண்டு தாய்மாரும் அடுத்த மேசையில் கேக் தின்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதில் எனக்கிருந்த ஒரே ஆதாயம் கோப்பி. கடைக்காரரே கொட்டையை வறுத்து, அரைத்து, கடதாசி வடியில் சொட்டுச் சொட்டாக இறக்கித் தரும் கோப்பி. பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். கண்டியில் அப்படி ஒன்றைக் குடித்த மயக்கத்தில் வறுக்கும் மெஷினைப் பார்க்க உள்ளே போய், வறுப்பவரோடு அரை மணித்தியாலம் கதைத்துவிட்டேன். லண்டன் மாப்பிள்ளை தனியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

திரும்பி வரும் ரயிலில் அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"இனி எங்க போனாலும் பால் கோப்பியே கேள். பொம்பிளைப் பிள்ளை கறுப்பாக் கசக்கக் கசக்கக் குடிச்சா வாய்க்காரி எண்டு நினைப்பினம்."

"நான் வாய்க்காரிதானேம்மா."

"அது கலியாணத்துக்குப் பிறகு தெரிஞ்சாக் காணும்."

சிரித்தேன். ஆனால் எனக்கு முப்பத்திரண்டு வயது, அம்மாவுக்குப் பிரஷர். யாழ்ப்பாணத்தில் லாத்தே, காலியில் லாத்தே, பம்பலப்பிட்டியில் இரண்டு தடவை லாத்தே. பால் நுரையில் இதயம் வரைந்து தருவார்கள். அதைக் கரண்டியால் கலக்கி அழிப்பதுதான் என்னால் முடிந்த போராட்டம். பக்கத்து மேசையிலிருந்து கறுப்புக் கோப்பியின் வாசம் வரும்போது எழும்பி ஓடவேண்டும் போல இருக்கும். எங்கே ஓடுவது?

கடைசியாகப் போனது கொட்டாஞ்சேனையில், பழைய ஸ்டோர் ஒன்றைத் திருத்திய கடைக்கு. மாப்பிள்ளை மெல்பேர்னிலிருந்து வந்தவர். நல்லவர், சிக்கலே அதுதான். இருந்தவுடன் கேட்டார்:

"எனக்குக் கோப்பியெண்டா விசர். நீங்கள் எப்பிடிக் குடிப்பீங்கள்?"

இத்தனை ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. அடுத்த மேசையில் அம்மா கேக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"லாத்தே," என்றேன். பழகிய வாய், தானே சொல்லிவிட்டது. அவர் தனக்குக் கறுப்புக் கோப்பி சொன்னார். அதே கடதாசி வடி, அதே சொட்டுச் சொட்டு. நான் பார்த்துக்கொண்டே பாலைக் குடித்து முடித்தேன்.

எல்லாம் பொருந்தியது. கலியாணப் பதிவு முடிந்து அவர் திரும்பிப் போனார். உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒரு கோப்பிக்கே பொய் சொன்னவள் வேறெதற்குச் சொல்லமாட்டாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். நாள் போகப் போகச் சின்னப் பொய் பெரிதாகிவிட்டது.

நேற்று வீடியோவில் நாங்கள் இருக்கப்போகும் வீட்டின் குசினியைக் காட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு மெஷின். பாலை நுரைக்க வைப்பது.

"உமக்கெண்டு வாங்கினனான். காலமை காலமை நானே போட்டுத் தருவன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.