ஏரிக்கரையில் கருத்துப்போனவள்

“…சர்ச் புக்குடி இது! அதுல கீற பொண்ணுக்கு நீ பாட்டுக்கு பொட்டு வெச்சி கொண்டாருவியா?”

கொரட்டூரில் எங்கள் தெருக்கோடிச் சர்ச்சில் புத்தக பீரோவைப் பார்த்துக்கொண்ட ஆன்ட்டி கேட்டார். கையில் நோட்டும் பேனாவும். புத்தகத்தைப் பாழாக்கியவர்களின் பெயரை அடித்துவிடுவார். அப்புறம் அவர்களுக்கு பீரோ திறக்காது. எனக்கோ அதைவிட்டால் வேறு கதைப் புத்தகமே கிடையாது.

எங்கள் வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை. புத்தகத்துக்காக நான் மட்டும் ஞாயிறு மதியம் போய் நிற்பேன். வெளிநாட்டிலிருந்து யாரோ பெட்டியில் அனுப்பியவை. பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் முடி, ரோஜாக் கன்னம். பாதி புரியாது, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். உறைபனியை இலவம்பஞ்சு என்று நினைத்திருந்த வயசு. கண்ணை மூடினால் ஏரி முழுக்கப் பஞ்சு கொட்டும்.

அந்த வாரம் எடுத்துப்போன புத்தகத்துப் பெண் என்னோடேயே இருந்தாள். பள்ளிக்கூடம் போகையில் ஏரிக்கரையில் கூட நடந்தாள், தண்ணீரில் நாமக்கோழிகளை எண்ணினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் படத்தைப் பிரித்தால், முதல் நாள் இருந்த மாதிரியே வெளுப்பாக நிற்கிறாள். அத்தனை வெயிலும் எங்கே போயிற்று? எனக்குப் பொறுக்கவில்லை. கிரேயானை எடுத்தேன்.

“கருத்துட்டா ஆன்ட்டி,” என்றேன். “வாரம் பூரா எங்கூட ஏரிக்கரையிலதான சுத்துனா.”

“முடி?”

“எண்ண வெச்சேன்.”

“பொட்டு?”

“பொட்டு இல்லாம எங்கம்மா வெளிய வுட மாட்டாங்க.”

எனக்குப் பின்னால் புத்தகத்துக்கு நின்ற சர்ச் அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “கூட கீற பாப்பாவ மட்டும் வெள்ளையா வுட்டுட்டியேடி, இன்னா ஓரவஞ்சனை!”

“அது வெளிய வரல, ஊட்லயே தூங்கிச்சு,” என்றேன்.

ஆன்ட்டியின் பேனா என் பெயர்மேல் வந்து நின்றது. “காக்காவுக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்பாங்க. நீ பொன்குஞ்சைப் புடிச்சி காக்காவாக்கிட்டு வந்து நிக்கிறே!”

அந்தப் பழமொழியை அப்படித் தலைகீழாகப் போட்டு நான் கேட்டதேயில்லை. அவ்வளவு பயத்திலும் காதுக்கு இனித்தது.

அவர் பக்கங்களைத் திருப்பினார். என் பெண் இரட்டைப் பின்னலோடு பனியில் சறுக்கும் படம் வந்ததும் கை நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

“பாஸ்டர் பாத்தா என்னைத்தான்டி கேப்பாரு.”

சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். புத்தகத்தைத் தன் கைப்பையில், குடைக்கு அடியில் செருகிக்கொண்டார். பீரோவைத் திறந்துவிட்டு, நான் எடுப்பதற்குத் தோதாக ஒதுங்கி நின்றார்.