கூலி அரிசி

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் என் சர்க்கரையைப் பார்க்கிற டாக்டர் எனக்கு ஒரு புத்தி சொன்னார். பேரன் வயசுப் பையன், நல்ல பிள்ளைதான். "வெள்ளைச் சோத்த விட்டுடுங்க ஆன்டி. புழுங்கல் அரிசி வாங்கிச் சாப்பிடுங்க, அதுதான் உடம்புக்கு நல்லது லா" என்றார். சொல்லிக்கொண்டே என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தவர், இப்போதுதானே சரியாக இருந்தது, அதற்குள் ஏன் இப்படி ஏறுகிறது என்று முழித்தார். ஏறாமல் என்ன செய்யும்? எழுபது வருஷத்துக் கோபம், அவருடைய பட்டைக்கு என்ன தெரியும்.

திரும்பி வரும் வழியிலேயே மருமகள் ஒரு பை புழுங்கல் அரிசி வாங்கிவிட்டாள். பளபளவென்று பை. அதன்மேல் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண் கையில் தட்டோடு சிரிக்கிறாள். செலாயாங்கில் ஏழாவது மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. வந்ததும் வராததுமாகப் பையை வெட்டி ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை, வெந்நீரைப் போல வெறுமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. "தொடங்கிருச்சு பாருங்க அத்தே" என்று மருமகள் சலித்துக்கொண்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

புழுங்கல் அரிசிக்கு மணம் உண்டு என்று இன்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்வது ரங்கூன் அரிசியை. ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், கோலாலம்பூரில் ரயில் வேலை, ரோட்டு வேலை பார்த்த தமிழன் வீட்டிலெல்லாம் அதுதான் வெந்தது. மொத்த அரிசி, இடையிடையே சிவப்புக் கோடு போட்டிருக்கும். உலையில் விழுந்து பொங்கி வரும்போது ஈரச் சாக்கும் அவித்த நெல்லும் கலந்த ஒரு வாடை வீட்டைத் தாண்டிப் பின் சந்து வரைக்கும் போகும். எங்களுக்கு அது வாடையாகவே தெரிந்ததில்லை. பசி என்றால் அந்த மணம்தான் என்று நினைத்திருந்தோம்.

எங்கள் அம்மா எனக்கும் என் இரண்டு தம்பிகளுக்கும் தனித்தனித் தட்டில் போட்டதே கிடையாது. ஓரம் பேர்ந்த பெரிய எனாமல் மங்கு ஒன்று இருந்தது. அதில் சோற்றைக் கொட்டிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த எங்கள் உள்ளங்கையில் உருண்டை உருண்டையாக வைப்பாள். பெரிய தம்பிக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு நாலு. சின்னவன் வாயில் ஒன்றை அடைத்துக்கொண்டே தனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று கையை நீட்டுவான். அம்மாவுக்குத் தெரியும், தெரியாதது போல வைப்பாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் சின்ன வெங்காயமும் சுட்ட நெத்திலியும் போதும். அந்தப் பழைய சோற்றைத் தின்றுவிட்டு மத்தியானம் வரை நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தலைகீழாகப் புரட்டுவோம்.

இதெல்லாம் சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது, அப்பாவுக்கு மண்டோர் வேலை கிடைக்கிற வரைக்கும். மண்டோர் என்றால் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். ரயில் பெட்டி பழுது பார்க்கிற ஷெட்டில் அவருக்குக் கீழே ஒரு டஜன் ஆட்கள். வேலையோடு வீடும் மாறியது. வரிசையாகக் கட்டின கூலி லயத்திலிருந்து கிளம்பி, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் வீட்டுக்கு ஒட்டின வீட்டுக்கு வந்தோம். இரண்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவர்தான் வினை.

வந்த மூன்றாம் நாள் கிராணியம்மா பின்பக்கம் வந்து நின்றார். சண்டை போட வரவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார். "உங்க வீட்டுல கூலி அரிசி வேகுறப்பல்லாம் நாங்க சன்னலச் சாத்த வேண்டியிருக்கு. மண்டோர் வீடாச்சே, இன்னுமா அதைச் சாப்பிடறீங்க?" அம்மா அப்போது ஆறு மாசம் வயிற்றோடு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குகிற கையை நிறுத்தவில்லை. நான்தான் வேலை முடிந்து வந்த அப்பாவிடம் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். பத்து வயசில் எனக்கு வாய் அப்படி. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல், "இனிமே இந்த வீட்டுல கூலி அரிசி வேகக் கூடாது" என்றார்.

மறுநாளே சியாம் பச்சரிசி வந்தது. தீட்டித் தீட்டி மல்லிகை மொட்டு மாதிரி ஆக்கின அரிசி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த வீட்டில் எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவள் நான். கிராணி மகளும் நாங்களும் ஒரே சோறு சாப்பிடுகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன். பச்சரிசியை எப்படிக் கழுவ வேண்டும் என்று கிராணியம்மாவே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிகிற வரைக்கும் கழுவ வேண்டுமாம். ரங்கூன் அரிசியை ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் கழுவுவதோடு சரி. இதை நான் ஏழு தண்ணீர் கழுவினேன். கழுநீரையும் வடித்த கஞ்சியையும் சந்துக் கோடியில் இருந்த பால்காரரின் மாட்டுக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். அந்த மாடு அந்த வருஷம் என்னமாய்க் கொழுத்தது தெரியுமா!

பழைய சோறு நின்றுபோனது. பச்சரிசிச் சோறு தண்ணீரில் கிடந்தால் விடிவதற்குள் கூழாகிவிடும். காலையில் ரொட்டியும் கோப்பியும் என்றானது. கிராணி வீட்டில் வெள்ளைச் சோற்றோடு பருப்பு, முட்டை, பால் எல்லாம் இருந்தது. அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. நாங்கள் அவர்களிடமிருந்து சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். தம்பிகளும் நானும் கச்சாங் விற்கிறவரைக் கண்டால் விடமாட்டோம், அவித்த கடலையைக் கொறித்துக்கொண்டே திரிவோம். அதுதான் எங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அம்மாவுக்கு யார் கடலை வாங்கிக் கொடுத்தார்கள்?

மூன்றாவது தம்பி பிறந்தான். மண்டோர் வீட்டில் பிறந்தவன் என்று அப்பா அவனுக்குத் துரைராஜ் என்று பெயர் வைத்தார். பிள்ளை பெற்ற அம்மாவுக்குப் பத்தியம். பருப்பு ஆகாது, கீரை ஆகாது, காய் ஆகாது. மிளகு ரசமும் பூண்டும் அந்த வெள்ளைச் சோறும்தான். நாற்பது நாளோடு விட வேண்டியதை, பிள்ளைக்கு மாந்தம் வந்துவிடும் என்று பயந்து அம்மா மூன்றாம் மாசம் வரை நீட்டினாள். சமைத்துப் போட்டது நான். ஏழு தண்ணீர் கழுவி.

துரைராஜ் பிறந்தபோது அவனுடைய அழுகை ஷெட்டுச் சங்கைத் தோற்கடிக்கும். பலகைச் சுவரைத் தட்டி, கொஞ்சம் பாரும்மா என்று கிராணியம்மா சொல்வார். இரண்டு மாசம் போனபின் அழுகை குறைந்தது. மூன்றாம் மாசத்தில் இல்லவே இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. இவ்வளவு சாதுவான பிள்ளையைப் பார்த்ததில்லை என்று கிராணியம்மா மெச்சினார். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறான் என்றார்கள். அது ஊத்தம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாவின் காலும் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நிற்கும். சின்னத் தம்பி அதை விளையாட்டாகவே வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம், அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள். நான் தொட்டில் பக்கம் போனேன். துரைராஜ் அழுதுகொண்டிருந்தான். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, தொண்டை நரம்பு புடைத்திருக்கிறது, முகம் நீலம் பாய்ந்திருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. அவன் எத்தனை நாளாக இப்படி அழுதுகொண்டிருந்தானோ, நாங்கள் சாதுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அம்மாவைக் கூப்பிட்டுப் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன். சாப்பாட்டு நேரம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பானை. கிட்டே போவதற்கு முன்பே அந்த மணம் வந்துவிட்டது, ஈரச் சாக்கும் அவித்த நெல்லும். அப்பா அந்த வட்டத்தில் உட்கார்ந்து, சிவப்புக் கோடு போட்ட மொத்தச் சோற்றைக் கருவாட்டுக் குழம்போடு பிசைந்து, ரசித்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தினமும் மத்தியானம் அவர் அங்கேதான் சாப்பிட்டிருக்கிறார். வேலை செய்கிற உடம்புக்கு அதுதான் தாங்குகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. என்னைக் கண்டதும் கை பாதியில் நின்றது. நான் சங்கதியைச் சொன்னேன். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடிவந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரிக்ஷாவில் அம்மாவும் பிள்ளையும் நானும், பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்கார டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், அம்மாவின் காலை அமுக்கிப் பார்த்தார். பக்கத்தில் மருந்து கட்டிக்கொண்டிருந்த தமிழ் டிரஸ்ஸரிடம் ஏதோ கேட்டார். வீட்டில் என்ன அரிசி என்று கேட்கிறார் என்றார் டிரஸ்ஸர். அப்பா நிமிர்ந்து நின்றார். அந்த நிலைமையிலும் நிமிர்ந்து நின்றார்.

"வெள்ளை அரிசிங்க. சியாம் அரிசி, முதல் தரம். கூலி அரிசியெல்லாம் நாங்க வீட்டுல சேக்கறதில்ல."

டிரஸ்ஸர் அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் சொன்னதை டிரஸ்ஸர் தரையைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். அந்த அரிசியில் சத்தெல்லாம் தீட்டுவதிலேயே போய்விடுகிறதாம், அதனால் தாய்ப்பாலிலும் இல்லையாம். லயத்துக் கூலிகளின் பிள்ளை ஒன்றுகூட இந்த நோயோடு இங்கே வந்ததில்லையாம்.

அம்மா அழவில்லை. அப்பாவின் வலது கையைப் பிடித்துத் தன் மூக்குக்கிட்டே கொண்டுபோனாள்.

"இது என்னாங்க வாடை?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் இருந்தார், ஒரு நாளும் பதில் சொல்லவில்லை.

துரைராஜ் மறுநாள் விடிகாலையில் போய்விட்டான். தவிட்டுக் கஷாயமெல்லாம் புகட்டிப் பார்த்தார்கள். தவிடு! எங்கள் சந்துக் கோடி மாடு தினம் தின்ற சாமான்.

காரியமெல்லாம் முடிந்தபின் அம்மா மூட்டையில் மீந்திருந்த பச்சரிசியை வாளி வாளியாக அள்ளிக்கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அன்று சாயங்காலமே ரங்கூன் அரிசி உலையில் விழுந்தது. அடுப்படியின் இரண்டு சன்னலையும் அம்மா விரியத் திறந்து வைத்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சன்னல் சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. மங்கில் பிசைந்து எங்கள் கையில் உருண்டை வைத்தாள். சின்னவன் வழக்கம்போல வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினான். அம்மா அவன் கையில் இரண்டு வைத்தாள்.

யார்மேல் கோபம் என்று கேட்பீர்கள். கிராணியம்மாமேல்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவர் வாடை பிடிக்கவில்லை என்றார், அவ்வளவுதான். அப்பாமேல் உண்டு, இன்றும் ஆறவில்லை. தனக்கு எது தாங்குகிறது என்று தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டு வீட்டுக்கு வேறொன்றைப் போட்ட மனுஷன். ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்துவிட்டு ஏழு தண்ணீர் கழுவின என்மேலும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கூலி என்ற அந்தச் சொல்மேல். அரிசிக்கு எதற்கு அந்தப் பெயர்? இப்போது அதே அரிசிக்குப் பட்டுச் சேலை கட்டிப் பையில் போட்டு, உடம்புக்கு நல்லது என்று எனக்கே புத்தி சொல்கிறார்கள்.

அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். மாட்டுத் தொட்டி இருந்த இடம் எது என்று என்னால் காட்ட முடியாது. ஜப்பான்காரன் சண்டைக்கப்புறம் அந்த ரங்கூன் அரிசியை நான் கண்ணால் பார்க்கவில்லை. மருமகள் வாங்கிவந்த பையில் அரிசி இருக்கிறது, மணத்தை எடுத்துவிட்டார்கள். இனி யாரும் சன்னல் சாத்த வேண்டியதில்லை.

துரைராஜின் முகம்கூட எனக்கு மங்கலாகத்தான் இருக்கிறது. ஷெட்டுச் சங்கைத் தோற்கடித்த அந்தக் குரலை எவ்வளவு யோசித்தும் காதுக்குள் கொண்டுவர முடியவில்லை. திறந்த வாய் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மருமகள் அரிசி வாங்கிவந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அரைமணி நேரமாக ஓயாமல் அழுதது. மருமகள் பொறுக்க முடியாமல், போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று கதவைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழட்டும், விடும்மா. சத்தம் வருதுல்ல."