பந்தயக் கம்பளி

என் பேரன் கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன் கம்ப்யூட்டரைத் தட்டுவதில்லை; தட்டுகிற பிள்ளைகளிடம் வேலை வாங்குகிறவன். வேகமாக முடித்தவனைக் கூப்பிட்டு, மற்றவர்களுக்கு முன்னால் பரிசு கொடுப்பார்களாம். "போட்டி வெச்சாத்தான் தாத்தா கூட்டம் ஓடும்" என்றான், போன பொங்கலுக்கு வந்தபோது. நான் சாப்பாட்டின் பாதியில் கையை உதறி எழுந்துவிட்டேன். அவனுக்குக் காரணம் விளங்கவில்லை.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கவ்வாத்து வெட்டியவன். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்தில் மட்டும் அவன் இன்னும் இறங்கவில்லை. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, புதுத் துளிர் வரவைப்பது. ஆளுக்கு ஒரு வரிசை. அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரைக்கும் வெட்டிக்கொண்டே ஏற வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் வரிசையைக் கெட்டிக்காரனுக்குக் கொடுக்க மாட்டோம், மெதுவானவனுக்குத்தான் கொடுப்போம். அவன் கத்தி போகிற உயரத்தில்தான் எல்லாருடைய கத்தியும் போகும். அவனை யாரும் தாண்டக் கூடாது. பனி இறங்கினால் பக்கத்து ஆள் தெரியாத மலை அது. இப்படிப் போனால் யாரும் பின்தங்கிக் கிடக்க மாட்டான், செடியும் ஒரே மட்டமாக நிற்கும். எந்தத் துரையும் கற்றுக்கொடுத்ததல்ல. அந்த நாளில் முதல் வரிசை என் அக்கா புருஷனுக்கு. மழைத்தண்ணி ஓடுகிற கானில் விழுந்து கால் ஒடிந்து, கோணலாகச் சேர்ந்த மனுஷன். கால்தான் கோணல், வெட்டு நேராக இருக்கும்.

அப்போதுதான் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்குக் கீழே புதுசாக ஒரு சின்ன துரை வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. சீமையில் குதிரைப் பந்தயம் பார்த்துவிட்டு நேராகக் கப்பலேறியவன் போலிருக்கிறது. ஒரு நாள் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், கங்காணி கையில் ஒரு புதுக் கம்பளியைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான்.

"யாரு மொதல் மேலே வாறது, அவனுக்கு கம்பளி. யாரு கடைசி, அவனுக்கு அரைப் பேர். கவ்வாத்து இல்லே, புல்லு வெட்டப் போ."

அரைப் பேர் என்றால் பாதிச் சம்பளம். கவ்வாத்துக் கூட்டத்தை விட்டுப் போனால் திரும்பி வருவது லேசில்லை. அக்கா வீட்டில் நாலு வாய். கடைசியாக வரப்போவது யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

"நான் என்னங்க ரேஸ் குதிரையா? குதிரைக்குக்கூட நாலு காலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் மச்சான்.

"வாய மூடிக்கிட்டு ஓடுடா" என்றான் கங்காணி. சின்ன துரை சிரித்தால் தானும் சிரிக்கிற ஜாதி அவன்.

அந்தக் கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே மாதிரி ஒன்று லிந்துலைக் கடைவீதியில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் தொங்கும். தீபாவளிச் சாமான் வாங்கப் போகிற போதெல்லாம் தொட்டுப் பார்ப்போம். "வாங்குறதுன்னா எறக்குறேன். தடவுறதுன்னா அங்கேயே தடவிக்கங்க" என்பார் நானா. எங்கள் குளிருக்கு அது பெரிய ஆசைதான். இல்லையென்று சொல்லவில்லை.

உச்சியில் ஒரு மண்வெட்டியை நட்டு, அதன் பிடியில் கம்பளியை மாட்டிவைத்தார்கள். நாங்கள் பாதி மலையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம்.

"யாரும் மச்சானத் தாண்டப்படாது. எல்லாரும் ஒண்ணா மேல போய் நிப்போம். கம்பளிய எத்தனை துண்டா கிழிக்கிறான்னு பாப்போம்" என்றேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். லயத்து வரிசையில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த காம்பராக்காரனும் "சரிண்ணே" என்றான். புதுசாகக் கல்யாணமானவன், பெண்டாட்டி நிறைமாசம், கூரைத் தகரத்தில் ஓட்டை. கேட்டால் பாவமாகத்தான் இருக்கும். எங்கள் கூரை மட்டும் என்ன தங்கத்தில் வேய்ந்ததா?

உச்சி கண்ணுக்குத் தெரிந்ததும் அவன் மச்சானைத் தாண்டினான். வெட்டவில்லை, கொத்தினான். ஒருவன் ஓடினால் மற்றவன் நிற்பானா? எல்லாரும் ஓடினார்கள். செடிகள் நாரும் தோலுமாகக் கிழிந்தன. நான் மச்சானோடு நின்றேன். அவர் என்னை ஏசினார்: "போடா மடையா, நீயும் சேர்ந்து பாதிச் சம்பளம் வாங்கப் போறியா?" எனக்கு அரைப் பேர் விழக் கூடாதென்று, கடைசிச் செடியை எனக்குப் பிறகுதான் வெட்டினார்.

கம்பளி முதலில் தாண்டியவன் தோளுக்குப் போனது. மச்சான் கையில் புல்லு வெட்டுகிற சுரண்டி வந்தது. பெரிய துரை கிழிந்த செடிகளைப் பார்த்துவிட்டுச் சின்ன துரையைக் கிழித்தாராம். எங்களுக்கு அதில் என்ன வந்தது?

அதற்குப் பிறகு லயத்தில் ஒருவரும் கம்பளி ஜெயித்தவனோடு பேசவில்லை. அவன் பெண்டாட்டியை யாரும் அடுப்புக்கு மிலாறு பொறுக்கக்கூடக் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் கம்பளியை மடித்துக்கொண்டு மச்சான் வாசலில் வந்து நின்றான்.

"நீங்களே வெச்சுக்கங்கண்ணே."

மச்சான் வாங்கினார். விரித்து உதறினார். வாசலில் கட்டியிருந்த ஆட்டின் மேல் போட்டு, வயிற்றோடு கயிற்றைச் சுற்றிக் கட்டினார். "பாவம், அதுக்குத்தான் குளுருது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் சின்ன துரை மோட்டார் சைக்கிளில் அந்த வழியாக வந்தான். ஆட்டைப் பார்த்து நிறுத்தினான்.

"யாரு ஆடு இது?"

"என்னுதுங்க தொரை" என்றார் மச்சான்.

"கம்பளி?"

"ரேசுல மொதல்ல வந்துச்சுங்க."

லயமே சிரித்தது. சின்ன துரையின் முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. அடுத்த நாள் பெரட்டில் மச்சான் பெயரையே கூப்பிடவில்லை. புல்லு வெட்டும் இல்லை. "ஆட்ட மேச்சுக்கிட்டுக் கெட" என்றான் கங்காணி.

யாரோ கத்தியைத் தரையில் போட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். கம்பளி ஜெயித்தவன்தான். பிறகு என் கத்தி, பிறகு எல்லாருடையதும். அடுத்த மலை பாதி வெட்டியபடி அப்படியே நின்றது. பெரிய துரை ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறும் வரைக்கும் கங்காணி எங்களை ஏசினான், பிறகு கெஞ்சினான், கடைசியில் தானே போய் மச்சானைக் கூட்டிவந்து முதல் வரிசையில் விட்டான்.

கத்தியை முதலில் போட்டவன் அவன்தான். அதை யாரிடமும் நான் மறைத்ததில்லை. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தோம். அவன் வீட்டு நெருப்பில் நான் ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை.