டிராயிங் மாஸ்டர் தடுக்காத மத்தியானம்

டிராயிங் மாஸ்டர் தணிகாசலம் அவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. ஆகவே முதலில் இப்படிக் குறித்துக்கொண்டேன்:

1. அவர் தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பாததன் காரணம்.
2. அதனால் அவர் இழந்தது.
3. செய்தது சரிதானா என்ற சந்தேகமே கடைசிவரை அவருக்கு வராதது.

லஸ் முனையில் டிராமுக்காக நின்றிருந்தபோதுதான் அவர் இறந்த செய்தி தெரிந்தது. குடைக்கடை காதர் பாய் படியிறங்கி வந்தார்.

"விஷயம் தெரியுமா சார்? நம்ம டிராயிங் மாஸ்டர் காலையில மவுத்தாயிட்டாரு."

அவர் தலைக்கு மேலே மாஸ்டர் எழுதிய பெயர்ப்பலகை தொங்கியது. டிராம் வந்தது, ஏறினேன். எங்கே போவதற்காக நின்றேன் என்பது மட்டும் மறந்துவிட்டது.

மயிலாப்பூரில் நான் பூகோளம் நடத்திய பள்ளியில் அவர் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். தம் ஒரே மகன் ஏகாம்பரத்தை மட்டும் வீட்டில் வைத்திருந்தார். வீட்டிலாவது பாடம் நடத்தினாரா என்றால் அதுவும் இல்லை. பையன் காலையில் பட்டினப்பாக்கம் போய் வலை இழுப்பதைப் பார்ப்பான். மத்தியானம் அகப்பட்ட புத்தகத்தைப் படிப்பான். சில நாள் ஒன்றுமே செய்யமாட்டான். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"மணி அடிச்சதும் பசங்க மூஞ்சியெல்லாம் ஒரே மாதிரி ஆயிடுது சார். எனக்கு அந்த மூஞ்சியை வரைய வரல," என்றார்.

கேட்டபோது புரிந்தது போலிருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் புரியவில்லை. என் முகத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

விஜயதசமியன்று பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். ஆசிரியர்களின் பிள்ளைகள் முதல் வரிசையில் உட்காரவேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். அதைப் பார்த்துத்தான் ஊரார் பள்ளியை நம்புவார்கள் என்பது ஹெட்மாஸ்டரின் எண்ணம். அந்த வருஷம் அவர் மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் வித்தை, உம்ம பிள்ளைக்கு மட்டும் சமுத்திரக் காத்தா, ஓய்? விஜயதசமிக்குப் பையன் வந்தாகணும். இல்லேன்னா மறுநாள் நீரும் வரவேண்டாம்."

அன்று மாலை என் எதிரிலேயே மாஸ்டர் மகனிடம் சொன்னார்: "நீ வரலன்னா என் வேலை போயிடும்ங்கறாங்க. அதுக்காக வராதே. பள்ளிக்கூடம் எப்படி கீதுன்னு ஒனக்கே பாக்கணும்னா வா."

"பாக்கறேன் நைனா," என்றான்.

என் வகுப்பில்தான் உட்கார்ந்தான். கையைக் கட்டு என்றேன். "கட்டிக்கினா நல்லா காது கேக்குமா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் தேசப்படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம், பாடத்தின் நடுவே எழுந்தான். "பாத்துட்டேன் சார், போய்ட்டு வரேன்," என்று கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தான். சாக்பீசும் கையுமாக நின்றேன். தடுப்பதா விடுவதா என்று தெரியவில்லை. எதிர் வகுப்பு ஜன்னலில் மாஸ்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவிலிருந்து ஹெட்மாஸ்டர் கத்தினார்.

"கூப்பிடும் ஓய்! உம்ம சம்பளம் நடந்து போறது, பாரும்!"

"அவன் பாத்துட்டுப் போறான் சார். நான் இன்னான்னு கூப்பிடறது?"

கரும்பலகையில் பாதியில் நின்ற கூஜாவை முழுசாக வரைந்து முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு அந்தப் பள்ளிக்குள் அவர் வரவில்லை.

அப்புறம் தியாகராய நகரில் புதிதாக எழும்பிய வீடுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்தார். ஏகாம்பரமும் கூடப் போனான். வளர்ந்ததும் அவனுக்கு சர்வே ஆபீசில் சேர ஆசை. சர்ட்டிபிகேட் இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. மாஸ்டர் ஏணிமேல் நின்று எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள், "அன்றைக்குக் கொஞ்சம் யோசித்திருக்கலாமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஏணியைப் புடிங்க சார், ஆடுது," என்றார்.

பிடித்தேன். சந்தேகமே இல்லாத மனிதர் என்று அன்று முடிவு கட்டினேன். பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

இவ்வளவும் எழுதி வைத்துவிட்டு, காரியங்கள் முடிந்தபின் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனேன்.

"நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த அன்னைக்கு, சாயங்காலம் நைனா ஒண்ணு கேட்டார் சார். 'ஒன்னை நிறுத்தியிருக்கணுமாடா?'ன்னார். அப்பறம் வருஷா வருஷம் கேட்டுக்கினே இருந்தார். படுக்கையில விழுந்தப்பறமும் கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"தெரியல நைனான்னேன். சர்வே ஆபீஸ் பக்கம் போனா, நிறுத்தியிருக்கலாம்னு தோணும். கடலாண்ட போனா தோணாது. ரெண்டையும் சொல்லிட்டேன். சிரிச்சார்."

அவரை அறிந்தவர்கள் ஆளுக்கொரு சித்திரத்தை வைத்திருப்பீர்கள். நான் வைத்துக்கொள்வது இந்தக் கேள்வியை. நேற்றுச் சாப்பிடும்போது, பள்ளியும் காலேஜும் முடித்துக் குமாஸ்தாவாக இருக்கும் என் மகனிடம், "உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது சரிதானாடா?" என்று கேட்டேன். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இப்போ போய்க் கேக்கறேளே அப்பா," என்றான்.

எனக்கு அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. மாஸ்டரிடமாவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். இருவரும் சேர்ந்து குழம்பியிருப்போம். மேலே நான் எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு.